உப்புப் படுக்கையில் வேகும் மசாலா கேக்

ஓவன் இல்லாத தமிழ்நாட்டு வீடுகளில் கேக் பெரும்பாலும் பிரஷர் குக்கரில்தான் வேகிறது. குக்கரின் அடியில் கல் உப்பைப் பரப்பி, அதன்மேல் ஒரு தாங்கி வைத்து, மாவு ஊற்றிய பாத்திரத்தை இறக்குவார்கள். தண்ணீர் ஊற்றுவதில்லை. கேஸ்கட்டும் வெயிட்டும் போடுவதில்லை. அதனால் ஆவி தங்காமல் வெளியேறிவிடும், அழுத்தமும் ஏறாது. மரக்காணம் உப்பளங்களுக்கு அருகில் உள்ள பிரம்மதேசம் போன்ற ஊர்களில் இந்தக் கல் உப்புக்குப் பஞ்சமில்லை.

உப்பு 801 டிகிரி செல்சியஸில்தான் உருகும். அடுப்புச் சூட்டில் அது மாறாமல் கிடந்து, ஓரிடத்தில் படும் வெப்பத்தை வாங்கிப் பரவலாகக் கொடுக்கிறது. பாத்திகளில் உப்பு விளையும்போது கற்களுக்குள் நுண்ணிய உப்புநீர்த் துளிகள் அடைபட்டுவிடுகின்றன. சூடேறியதும் அந்த நீர் ஆவியாகிக் கல்லை உடைத்துக்கொண்டு வெளியேறும். குக்கருக்குள் படபடவென்று வெடிக்கும் சத்தம் அதனால்தான். மூடி வைத்துப் பத்து நிமிடம் சூடாக்கினால் வெடிப்பு பெரும்பாலும் அடங்கிவிடும். குக்கரும் மாவை ஏற்கும் பதத்துக்கு வந்துவிடும்.

மசாலா கேக்கில் சேரும் பட்டையின் மணத்துக்குக் காரணம் சின்னமால்டிஹைட். கிராம்பின் மணத்துக்கு யூஜெனால். இவை தண்ணீரைவிட எண்ணெயில் நன்றாகக் கரையும். அதனால் பட்டை, கிராம்பு, ஏலம், ஜாதிக்காய், சுக்கு ஆகியவற்றின் பொடியை எண்ணெயில் கலந்து சேர்த்தால் வாசனை மாவு முழுவதும் பரவும். பட்டையும் கிராம்பும் ஈஸ்டின் வளர்ச்சியைத் தடுக்கக்கூடியவை. மசாலா கேக்குக்குச் சமையல் சோடா பொருந்துவதற்கு அதுவும் ஒரு காரணம். தயிரின் புளிப்போடு சோடா சேர்ந்து கார்பன் டை ஆக்சைடை வெளியிடும். புளிப்பு போதாவிட்டால் மிஞ்சும் சோடா, கேக்கில் சோப்புச் சுவையை ஏற்றிவிடும்.

வாயுக்குமிழ்கள் மாவைத் தூக்க, முட்டைப் புரதம் இறுகியும் மாவுச்சத்து நீர் குடித்துப் பருத்தும் அந்த உயரத்தைப் பிடித்து வைக்கின்றன. இது முடியுமுன் மூடியைத் திறந்தால் கேக் நடுவில் அமுங்கிவிடும். மாவிலிருந்து எழும் ஆவி வெளியேறும்வரை மூடிக்கடியில் சூழ்ந்திருப்பதால் குக்கர் கேக்கின் மேற்பரப்பு வெளுத்தே இருக்கும். பாத்திரத்தை ஒட்டிய பக்கங்களே சிவக்கும். மரக்காணத்துக்குப் பக்கத்தில் உள்ள புதுச்சேரியில் கிறிஸ்துமஸுக்குச் செய்யும் விவிகம் கேக்கில் ரவையும் ரம்மில் ஊறிய உலர்பழங்களும் சேரும். ரவை மெதுவாகத்தான் நீரை இழுக்கும் என்பதால் அந்த மாவைச் சற்று ஊறவிட வேண்டும்.

மசாலா கேக்கின்மேல் பூசும் கிரீம் சீஸ் பூச்சுதான் கடற்கரை வெயிலில் சிக்கல் தரும் பகுதி. பாலின் புளிப்பு பி.எச். 4.6 அளவை எட்டும்போது கேசின் புரதம் திரள்கிறது; கிரீம் சீஸின் உடல் அந்தத் திரட்டுதான். ஆனால் அதன் எடையில் பாதிக்கும் மேல் நீர். பொடித்த சர்க்கரையைச் சேர்த்ததும் அந்த நீரில் சர்க்கரை கரைந்து பூச்சு இளகும். 30 டிகிரியைத் தாண்டிய அறையில் வெண்ணெயும் உருகத் தொடங்கிவிடும். எனவே வெண்ணெயையும் சர்க்கரையையும் முதலில் அடித்துவிட்டு, குளிர்ந்த கிரீம் சீஸைக் கடைசியில் சேர்த்துக் கொஞ்ச நேரம் மட்டும் கலக்க வேண்டும். கேக் முழுவதும் ஆறிய பிறகே பூச வேண்டும்.

ஈரக் காற்றும் தொல்லைதான். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு நீர்த்துப்போகும். 85 சதவீத அளவில் சர்க்கரையும் கசியும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கேக்கின்மேல் காற்றின் ஈரம் துளியாகப் படிவதால், மூடிய டப்பாவில் வைத்தே வெளியே எடுப்பது நல்லது.

பூச்சு பூசிய கேக்கை ஃப்ரிட்ஜில்தான் வைக்க வேண்டும் என்பதால், மாவில் சேர்க்கும் கொழுப்பும் முக்கியம். வெண்ணெய் குளிரில் உறைந்து கேக்கை விறைப்பாக்கும். தேங்காய் எண்ணெயும் அப்படித்தான். சூரியகாந்தி எண்ணெய் உறையாது; கேக் மெத்தென்றே இருக்கும். 32 டிகிரிக்கு மேற்பட்ட வெயிலில் கிரீம் சீஸ் கேக்கை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது.