வெள்ளத்துக்கு முன்பே எடுத்த படம்

2020 அக்டோபர் 13 அன்று ஹைதராபாத்தின் கிழக்கே கட்கேசர் பகுதியில் ஒரே நாளில் சுமார் 32 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடுத்த சில நாட்களில் பல்லே செருவு, குர்ரம் செருவு ஆகிய ஏரிகளின் கரைகள் உடைந்து தெற்குப் பகுதிக் குடியிருப்புகள் மூழ்கின. வடகிழக்கில் இருக்கும் மௌலா அலிக்கும் இதில் பாடம் உண்டு. அங்கே தர்கா நிற்கும் குன்று வெறும் கருங்கல் பாறை. மேலே விழும் மழை ஊறாமல் வழிந்து இறங்கும். அடிவாரத்தில் ரயில்வே குடியிருப்புகளும் வீட்டுவசதி வாரியக் காலனியும் நெருங்கிக் கிடக்கின்றன. இறங்கும் தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்பதை மழைநாளில் தேடிக்கொண்டிருக்க முடியாது. அதை முன்கூட்டியே காட்டக்கூடிய செயற்கைக்கோள் படத்தின் முதல் பயன், வெள்ளத்துக்கு முந்தைய ஆண்டுகளில்தான் இருக்கிறது. ஆனால் நாம் அதை வெள்ளத்தன்றுதான் கேட்கிறோம்.

மேகம் மூடினால் படம் எப்படி எடுப்பது என்று கேட்பார்கள். 2022இல் ஏவப்பட்ட இஓஎஸ்-04 போன்ற ரேடார் செயற்கைக்கோள்களுக்கு மேகமும் இரவும் தடையில்லை. அசையாத நீர்ப்பரப்பு ரேடார் அலையை வேறு பக்கம் எறிந்துவிடுவதால் படத்தில் கறுப்பாகத் தெரியும். வயல்வெளி வெள்ளத்தை இப்படி எளிதில் அளந்துவிடலாம். நகரத்தில்தான் சிக்கல். தெருவில் நிற்கும் தண்ணீரிலும் பக்கத்துச் சுவரிலும் மோதித் திரும்பும் அலை வெள்ளையாகவே பதிவாகும். மூழ்கிய சந்து மூழ்காததுபோல் தோன்றலாம். செயற்கைக்கோள் மறுபடி அதே இடத்துக்கு மேல் வருவதற்குள் தண்ணீர் வடிந்தும் போகலாம். இந்தக் குறைகள் உண்மை. அதனால்தான் மழைநாள் படத்தை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்கிறேன்.

வயநாட்டைப் பாருங்கள். 2024 ஜூலை 30 நிலச்சரிவுக்குப் பின், தேசிய தொலையுணர்வு மையம் கார்ட்டோசாட்-3, ரிசாட் படங்களைக் கொண்டு சுமார் 86,000 சதுர மீட்டர் நிலம் சரிந்ததையும் இடிபாடுகள் ஏறத்தாழ எட்டு கிலோமீட்டர் ஓடியதையும் கணக்கிட்டது. மீட்புக்கும் மறுகுடியேற்றத்துக்கும் உதவும் வேலை. ஆனால் அதே இடத்தில் முன்பு நடந்த சரிவும் அந்த மையத்தின் பதிவில் ஏற்கெனவே இருந்தது. படம் கைவசம் இருந்தது. அதைப் பார்த்து முடிவெடுக்கத்தான் ஆள் இல்லை. இந்த மையம் மௌலா அலி இருக்கும் அதே நகரத்தில், பாலாநகரில்தான் இயங்குகிறது என்பது வேடிக்கை.

இன்னொரு எதிர்ப்பு கனமானது. ஏரி எல்லையைப் படம் காட்டினால் புல்டோசர் வரும், ஏழை வீடுதான் முதலில் இடியும் என்கிறார்கள். ஏரி ஆக்கிரமிப்புகளை அகற்ற 2024இல் தொடங்கப்பட்ட ஹைட்ரா அமைப்பு, தம்மிடிகுண்டா ஏரிக்கரையில் ‘என் கன்வென்ஷன்’ மண்டபத்தை இடித்தபோதே இந்தப் பேச்சும் எழுந்தது. அச்சம் நியாயமானது. ஆனாலும் படத்தில் தேதி இருக்கிறதே! 1972 முதலான லாண்ட்சாட் படங்களை வரிசையாக வைத்தால், ஏரி எந்தக் காலத்தில் சுருங்கத் தொடங்கியது என்பது புலப்படும். அந்தக் காலத்தில் மனைக்கு அனுமதி கொடுத்தவர் யார், பத்திரம் பதிந்தவர் யார் என்று ஆவணத்தோடு கேட்கலாம். வாங்கி ஏமாந்தவருக்கு அதைவிட நல்ல சாட்சி ஏது? மாற்று வீடு தராமல் இடிப்பது நிர்வாகத்தின் குற்றம், படத்தின் குற்றமல்ல.

ஹைதராபாத் பெருநகர வளர்ச்சி ஆணையம் ஏரிகளின் முழுக்கொள்ளளவு எல்லை வரைபடங்களை இணையத்தில் வைத்திருக்கிறது. மௌலா அலியிலோ வேறெங்கோ வீடு வாங்க முன்பணம் கொடுக்கும் முன், அதை ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.