பழைய மோட்டார் வண்டியின் ஒரே சாவி தொலைந்தால்

கூனூரிலிருந்து உதகமண்டலத்துக்கு 1908-ல் நீட்டப்பட்ட மலை ரயில் பாதையில், உதகமண்டலத்துக்கு முந்திய ஸ்டேஷன் லவ்டேல். கடல் மட்டத்துக்கு 7,000 அடிக்கு மேற்பட்ட இவ்விடத்திலிருந்து கேத்திப் பள்ளத்தாக்கை நோக்கிச் சரியும் நிலங்களில் உருளைக்கிழங்கும், காரட்டும், முட்டைக்கோசும் படிமட்டங்களில் பயிராகின்றன. இந்நிலங்களிலிருந்து மூட்டைகளைத் தார் ரோட்டுக்கு ஏற்ற, முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒருங்கே இழுக்கும் ஜீப் வண்டியைப் போன்ற உதவி வேறில்லை. அதனால்தான், வெளியூர்களில் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கக்கூடிய வண்டிகள் நீலகிரி ஹட்டிகளில் இன்னமும் ஆங்காங்கே உழைத்துக்கொண்டிருக்கின்றன.

இவ்வகை வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குச் சாவி ஒன்றே இருக்கும். இரண்டு கை மாறி வந்த வண்டிக்கு இரண்டாவது சாவி வருவது அபூர்வம். மறுசாவிக்கு நமது ஜனங்கள் இட்டிருக்கும் பெயரே ‘கள்ளச் சாவி’. அப்பெயரைக் கேட்டு, தன் வண்டிக்குத் தானே இன்னொரு சாவி செய்துகொள்ளவும் கூசுகிறவர்கள் உண்டு. அந்தக் கூச்சத்தின் விலை அறுவடை நாளில் தெரியவரும். காரட் கழுவி மூட்டை கட்டியாகிவிட்டது. விடிவதற்குள் மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகும் லாரியில் அதைச் சேர்க்கவேண்டும். சாவியோ பிடுங்கிய பாத்திகளில் எங்கோ புதைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அவ்வேளையில் ஸ்குரூ டிரைவரும் ஒரு முழம் ஒயரும் எடுத்துக்கொண்டு உதவிக்கு வருகிறவர்களுக்குக் குறைவிராது. இந்தக் கட்டுரை முக்கியமாக அவர்களைத் தடுப்பதற்காகவே எழுதப்படுகிறது.

முதலில், சாவி செய்யும் வேலை இன்னதென்று தெரிந்துகொள்வது நல்லது. பெட்ரோல் யந்திரத்தில் சாவியைத் திருப்பினால் பாட்டரியிலிருந்து இக்னிஷன் காயிலுக்கு மின்சாரம் செல்லும். அதினின்றே தீப்பொறி பிறக்கிறது. பழைய ஜீப்பில் ஸ்டார்ட்டருக்குத் தனியே காலால் மிதிக்கும் பித்தான் உண்டு. டீசல் யந்திரத்திலோ தீப்பொறி என்பதே இல்லை. காற்றை இறுக்கி அமுக்கும் உஷ்ணத்தால் எண்ணெய் தானே எரிகிறது. ஆதலால் பழைய டீசல் டிராக்டரில் சாவி ஸ்டார்ட்டருக்கும் விளக்குகளுக்கும் மட்டுமே மின்சாரம் விடும். யந்திரத்தை நிறுத்த, எண்ணெயைத் தடுக்கும் கைப்பிடியைத்தான் இழுக்க வேண்டும். இதை அறியாதவர் டீசல் டிராக்டரைக் குறுக்கு வழியில் கிளப்பிவிட்டு, ஒயரைப் பிடுங்கினால் நின்றுவிடும் என்று எண்ணுவர். அது நிற்காது.

ஸ்டார்ட்டர் மோட்டாரின் இரு முனைகளை ஸ்குரூ டிரைவரால் இணைத்து டிராக்டரைக் கிளப்பும் பழக்கம் உலகெங்கும் குடியானவர்களின் உயிரைக் குடித்திருக்கிறது. முனைகளை எட்டுவதற்கு ஒருவன் பெரிய பின்சக்கரத்துக்கு முன்னால் தரையில் நிற்க வேண்டியிருக்கும். டிராக்டர் கியரில் இருப்பதை அவன் மறந்திருந்தால், யந்திரம் பிடித்தவுடனே சக்கரம் அவன்மேல் ஏறும். விலக நேரம் இராது. பிற்கால டிராக்டர்களில் கிளட்சை மிதித்தாலன்றி, அல்லது கியர் நடுநிலையில் இருந்தாலன்றி, ஸ்டார்ட்டர் ஓடாதபடி ஒரு காப்பு ஸ்விட்ச் வைத்திருக்கிறார்கள். ஸ்குரூ டிரைவர் அந்தக் காப்பையும் கடந்துவிடுகிறது. மலைச்சரிவிலோ வண்டியைக் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல்லும் வைத்து நிறுத்துவதே வழக்கம்; அது நல்ல வழக்கமுங்கூட. அப்படிக் கியரில் நிற்கும் வண்டியைக் கீழே நின்றுகொண்டு கிளப்புவது எத்தகைய காரியமென்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பெட்ரோல் ஜீப்பில் ஆபத்து வேறு விதமானது. பாட்டரியிலிருந்து காயிலுக்கு நேரே ஒயர் கட்டி, யந்திரம் ஓடாத நேரத்திலும் அதை அவிழ்க்க மறந்தால், காயில் சூடேறிக் கெடும், பாயிண்டும் தீய்ந்துபோகும். காப்பில்லாத ஒயர் இரும்பில் உரசினால் தீப்பிடிக்கவும் கூடும். சாவிக்குச் செலவழிப்பதைவிடப் பல மடங்கு பணம் இதில் போகும்.

இனிச் செய்யத்தக்கது யாதெனில்: சாவி தொலைந்த வண்டியின் பூட்டை உடைக்கலாகாது. தொலைந்த சாவியின் அளவுகள் யாவும் அந்தப் பூட்டுக்குள்ளேயே இருக்கின்றன. திண்டுக்கல் பூட்டைக் கண்டவர்கள் இதையும் அதைப் போலவே நினைத்துவிடக்கூடாது. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு, உள்ளே நெம்புகோல்கள் கொண்டது. மாங்காய்ப் பூட்டு முதலியன அந்த வகை. மோட்டார் வண்டியின் பூட்டிலோ ஒரு சிறு உருளையில் மெல்லிய பித்தளைத் தகடுகள் வரிசையாக நின்று, வில்லின் விசையால் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். சரியான சாவியின் பற்கள் அவற்றை உருளையின் மட்டத்துக்குக் கொண்டுவந்ததும் உருளை சுழலும். தகடுகளின் அளவு நாலைந்து விதங்களுக்கு மேல் போவதில்லை. ஆகையால் தேர்ந்த பூட்டுக்காரர் அவற்றைப் பார்த்தே சாவி வெட்டிவிடுவார்.

அவரிடம் போகுமுன் பூட்டின் முகத்தைத் துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். பல பழைய வண்டிகளில் சாவியின் எண் ஸ்விட்சின் முகத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கும். பிரிட்டிஷ் மாதிரியைத் தழுவி வந்த வண்டிகளில் எஃப்.எஸ்., எஃப்.ஏ. போன்ற எழுத்துகளுடன் மூன்று இலக்கங்கள் காணப்படும். முகத்தில் இல்லாவிடில் பூட்டின் உடலில் இருக்கலாம். அந்த எண் கிடைத்தால் பாதி வேலை தீர்ந்தது. டிராக்டர் வைத்திருப்போர் மற்றொன்றும் செய்து பார்க்கலாம். ஒரே கம்பெனியின் ஒரே மாதிரி டிராக்டர்கள் பலவற்றுக்கு ஒரே சாவியை இட்டு விற்பது நெடுங்கால வழக்கமானபடியால், அண்டை நிலத்துக்காரரின் சாவி பொருந்தினாலும் பொருந்தும். (அப்படிப் பொருந்தினால், தம் டிராக்டரை ரோட்டோரம் விட்டுவிட்டு இதுகாறும் நிம்மதியாகத் தூங்கியதைப் பற்றிச் சொந்தக்காரர் சற்றே யோசிக்கலாம்.) இரண்டாம் உலக யுத்தத்தில் ஓடிய ஜீப்புகளிலும் இப்படிப் பொதுச் சாவியே இருந்தது, பிறகு சாவியே இல்லாத கைத்தாழ் ஸ்விட்ச் பொருத்தப்பட்டது.

எண்ணும் இல்லை, அயலார் சாவியும் பொருந்தவில்லை என்றால், வண்டியை உதகமண்டலத்துக்கு இழுத்துக்கொண்டு போக முயலவேண்டாம். ஸ்டியரிங் பூட்டுள்ள வண்டியைச் சாவியின்றிச் சரிவில் உருட்டினால் முதல் வளைவிலேயே பள்ளத்தில் இறங்கிவிடும். பழைய ஜீப்புக்கு அந்தப் பூட்டு இல்லையெனினும், இழுப்புக் கயிற்றில் மலைப்பாதை இறங்குவது உசிதமல்ல. வண்டி நின்ற இடத்தில் நிற்கட்டும். ஸ்விட்சை மட்டும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடலாம்.

கழற்றுவதில் ஜாக்கிரதை வேண்டும். முதலில் பாட்டரியில், வண்டியின் உடலோடு இணைந்துள்ள முனையைக் கழற்றிவிட வேண்டும். இது பெரும்பாலும் கழித்தல் குறியுள்ள முனை. சில பழைய பிரிட்டிஷ் மாதிரிகளில் கூட்டல் குறியுள்ள முனையாக இருக்கும். ஆதலால் குறியைப் பாராமல் ஒயர் போகுமிடத்தைப் பார்க்கவேண்டும். பிறகு ஸ்விட்சின் முகத்திலுள்ள வளைய நட்டைத் திருகினால் அது பின்பக்கமாக வெளிவரும். ஒயர்களை அவிழ்க்குமுன் ஒவ்வொன்றிலும் நூலைக் கட்டி, முதலாவதற்கு ஒரு முடிச்சு, இரண்டாவதற்கு இரண்டு முடிச்சு என்று அடையாளமிட்டு, எது எந்த முனையில் இருந்தது என்பதையும் ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். பழைய ஒயர்களின் நிறம் புகையிலும் எண்ணெயிலும் ஒன்றாகிப்போயிருக்கும், நிறத்தை நம்புவதற்கில்லை. உருளையை மாத்திரம் தனியே பிடுங்கப் பார்ப்பது வீண். பல ஸ்விட்சுகளில் சாவியைத் திருப்பினாலன்றி உருளை வெளிவராது. முழு ஸ்விட்சாகவே கொண்டுபோக வேண்டும்.

தகடுகளைப் பார்க்க முடியாத பூட்டுக்குப் பூட்டுக்காரர் வேறொரு முறையைக் கையாளுவார். பல் வெட்டாத பித்தளைச் சாவியைச் செருகி மெதுவாக முறுக்கி வெளியே எடுப்பார். தகடு அழுத்திய இடத்தில் நுண்ணிய தழும்பு விழும். அவ்விடத்தில் இரண்டொரு தரம் அரம் இழுத்து மறுபடியும் செருகுவார். உரிய ஆழம் வந்த இடத்தில் பிறகு தழும்பு விழாது. எல்லா இடங்களும் இவ்வாறு அமைந்ததும் உருளை சுழலும். பார்ப்பதற்கு எளிது, கை பழகாதவன் இதே காரியத்தை ஆணியாலும் கம்பியாலும் செய்யப்போனால், கம்பி உள்ளே முறிந்து, நல்ல பூட்டும் வீணாகும். பூட்டே தேய்ந்துபோயிருக்குமானால் புதிய ஸ்விட்ச் வாங்கிப் பொருத்துவதே சிக்கனம். பழைய வண்டிகளில் அது கூடுதல் கஷ்டமில்லை. ஐரோப்பாவில் 1990-களில் பரவிய, சாவிக்குள் மின்னணுச் சில்லு வைத்த முறை வந்தபின்னரே, கம்ப்யூட்டரின்றிச் சாவி செய்ய முடியாத நிலை ஏற்பட்டது. இவ்விஷயத்தில் பழைய வண்டிக்காரரே பாக்கியசாலி.

நேர்மையான பூட்டுக்காரர் ஆர்.சி. புத்தகத்தைக் கேட்பார், கேட்பவரிடமே வேலை கொடுப்பது நல்லது. பல குடும்பங்களில் அப்போதுதான் வேறொரு சங்கடம் வெளிப்படுகிறது: வண்டி காலமான தகப்பனார் பெயரிலேயே இருக்கும். 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின்படியும் அதன் விதிகளின்படியும், சொந்தக்காரர் இறந்த 30 நாட்களுக்குள் வாரிசு பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் பெயர் மாற்றத்துக்கு மனுச் செய்ய வேண்டும். வாரிசுச் சான்றிதழ் தாசில்தாரால் அளிக்கப்படுவது. அதற்கு விசாரித்து அறிக்கை அனுப்புவோரில் ஒருவர் கிராம நிர்வாக அலுவலர். சாவு நேர்ந்த வீட்டில் நிலத்தின் பட்டாவைப் பற்றி விசாரிக்கும்போதே, கொட்டகையில் நிற்கும் ஜீப்பையும் டிராக்டரையும் பற்றி அவர் ஒரு வார்த்தை நினைவூட்டினால் அந்தக் குடும்பத்துக்குப் பெரிய உபகாரமாகும். சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 வருஷங்களுக்கே செல்லும், அதன் பின் ஐந்தைந்து வருஷத்துக்குப் புதுப்பிக்கவேண்டும் என்பதையும் பலர் மறந்திருக்கிறார்கள். சாவி தொலைந்ததாக நினைத்தது உண்மையில் களவு போயிருக்கலாமென்ற சந்தேகமிருந்தால், போலீஸ் ஸ்டேஷனில் மனுக் கொடுத்து ரசீது பெற்றுக்கொள்வதும், பூட்டையே மாற்றிவிடுவதும் அவசியம். வண்டி களவு போனால் இன்ஷூரன்ஸ் கம்பெனியார் சாவிகளைக் கேட்பது வழக்கம்.

புதுச் சாவி வந்தவுடன் அதைக்கொண்டே இன்னொன்று வெட்டிக்கொள்ள வேண்டும். பத்து வருஷம் தேய்ந்தபின் அதைப் பார்த்து வெட்டினால் தேய்மானமும் சேர்ந்தே வரும். இரண்டையும் ஸ்விட்சில் திருப்பிப் பார்த்த பிறகே கூலி கொடுப்பது சரி. எண்ணை வீட்டுக் கணக்குப் புத்தகத்தில் எழுதிவைத்து, இரண்டாவது சாவியை வண்டியில் வைக்காமல் வீட்டில் வைக்கவேண்டும். லவ்டேல் போன்ற பனிமூட்டமுள்ள இடங்களில் தகடுகள் ஈரத்தால் இறுகிக்கொள்ளும். அதற்கு யந்திர எண்ணெயை ஊற்றினால் தூசி ஒட்டிச் சேறாகும். பென்சில் கரியைப் பொடிசெய்து சாவியின் பற்களில் தடவி நாலைந்து முறை செருகி எடுத்தால் போதும்.