வீட்டுக்கே வராத அந்த இன்னொருவர்

அலுவலகத்தில் வீடு நினைவில் இருக்காது. வீட்டில் வேலை நினைவில் இருக்காது. அதற்காக மூளையில் அறுவை சிகிச்சை செய்துகொள்ளும் ஊழியர்களின் கதைதான் ‘செவரன்ஸ்’. 2022-இல் ஆப்பிள் டிவி பிளஸ்ஸில் தொடங்கிய இத்தொடரின் இரண்டாம் பாகத்துக்காக ரசிகர்கள் 2025 ஜனவரி வரை காத்திருந்தனர்.

அந்த நிறுவனத்தில் ஆடுகள் எதற்கு என்று மண்டையைப் பிய்த்துக்கொள்வோர் ஒருபுறம். என் வானொலி நேயர்கள் கேட்பதோ வேறு: “அந்த ஆபரேஷன் இங்கே எங்கே செய்றாங்க?”

செமினிக்காரர்கள் கேட்டால் சிரிக்க முடியவில்லை. இங்கு ரயில் இல்லை; விடியுமுன் காஜாங் போய்த்தான் எம்ஆர்டி பிடிக்க வேண்டும். 2023-இல் சட்டம் வார வேலை நேரத்தின் உச்சவரம்பை 48-இலிருந்து 45 மணியாகக் குறைத்தது. சாலை நெரிசலும் இரவு வாட்ஸ்அப்பும் அந்தக் கணக்கில் வருவதில்லை.

கதாசிரியர் டேன் எரிக்சனும் ஒரு கதவுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது, அந்த எட்டு மணி நேரம் தெரியாமலே கழிந்தால் தேவலை என்று ஏங்கியவர்தான்.

ஆனால் தொடரைக் கவனியுங்கள். உள்ளே இருப்பவருக்கு வீடே இல்லை. மின்தூக்கி மூடித் திறந்தால் மறுநாள் வேலை. தூக்கமில்லை, பிள்ளை முகமில்லை. மனைவியை இழந்த மார்க்குக்கோ, மாலையில் துக்கம் வீட்டில் அப்படியே காத்திருக்கிறது.

மறதி நமக்கு வேண்டாம். இன்றிரவு சாப்பாட்டு மேசையில் கைப்பேசியைக் கவிழ்த்து வைப்போம்; அலுவலகத்தில் நடந்ததை வீட்டாரிடம் சொல்வோம். உள்ளே மாட்டிக்கொண்டவரும் வீடு வந்து சேரட்டும்.