புரை முற்றட்டும் என்று காத்திருக்கிறீர்களா?

"புரை இன்னும் முத்தலையே... முத்தட்டும், அப்புறம் ஆபரேஷன் பண்ணிக்கிடுவோம்!" கங்கைகொண்டானில் உங்கள் வீட்டு ஆச்சி இப்படிச் சொல்லித் தள்ளிப்போடுகிறாரா? அந்தக் காலத்து ஆபரேஷனுக்கு அது பொருந்தியது. இப்போது புரையை எடுத்த கையோடு செயற்கை லென்ஸ் வைத்துவிடுகிறார்கள். ஆகவே, புரை எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதோடு, எவ்வளவு பார்வையைப் பறித்திருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். இரண்டும் வேறு வேறு!

முதலாவதை எப்படி அளக்கிறார்கள்? சொட்டு மருந்து விட்டு, கண்ணின் பாப்பாவை விரியவைத்து, 'ஸ்லிட் லாம்ப்' கருவியில் லென்ஸைப் பார்க்கிறார் டாக்டர். 1993-ல் வெளியான 'லாக்ஸ் 3' என்ற முறையில், லென்ஸை மாதிரிப் படங்களோடு ஒப்பிட்டு மார்க் போடுகிறார்கள். நடுப்பகுதியின் கலங்கலுக்கும் நிறத்துக்கும் 6.9 வரை, ஓரத்துக்கும் பின்பக்கத்துக்கும் 5.9 வரை. மார்க் ஏற ஏற, புரையும் அதிகம். மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டக் கிராமங்களில் 40 வயதுக்கு மேற்பட்ட 5,150 பேரிடம் அரவிந்த் கண் மருத்துவமனை நடத்திய ஆய்வில் இம்முறையே பயன்பட்டது.

இரண்டாவது, பார்வை. 6 மீட்டர் தள்ளி உட்காரவைத்து எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்வார்கள். '6/60' என்றால், நல்ல கண் 60 மீட்டரில் படிப்பதை இந்தக் கண் 6 மீட்டரில்தான் படிக்கிறது என்று அர்த்தம். படிக்கத் தெரியாதவர்கள் 'E' எழுத்து திரும்பியிருக்கும் பக்கத்தைக் கையால் காட்டினால் போதும்.

இரண்டு அளவும் எப்போதும் ஒத்துப்போகாது. ஓரத்துப் புரை பெரிதாக இருந்தும் பார்வை நன்றாக இருக்கலாம். பின்பக்க நடுவில் கடுகளவு புரை இருந்தாலோ, தொல்லை பெரிது! வெயிலில் பாப்பா சுருங்கும்போது ஒளி அந்தப் புரை வழியாகத்தான் போக வேண்டும். அறைக்குள் பலகையைப் படிப்பவருக்கு, நடுப்பகலில் நாலுவழிச் சாலையில் வரும் பஸ் தெரியாது.

ஆகவே டாக்டரிடம் "கண்ணு மங்குது" என்று மட்டும் சொல்லாதீர்கள். பஸ் போர்டு தெரிகிறதா, அரிசியில் கல் பொறுக்க முடிகிறதா, எதிரே வரும் லாரி வெளிச்சம் கூசுகிறதா... எல்லாம் சொல்லுங்கள். புரை குறைவாக இருந்தும் பார்வை மோசமென்றால், விழித்திரையையும் கண் அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

புரையைக் கரைக்கும் சொட்டு மருந்து கிடையாது. அளவுக்கு மீறி முற்றினால் கண் அழுத்தம் ஏறி, பார்வை நிரந்தரமாகவே போய்விடலாம். வலி, சிவப்பு கண்டால் அன்றே கிளம்புங்கள்.

ஆச்சியின் அன்றாட வேலை தடைப்படுகிறதா? முற்றும் வரை காத்திருக்க வேண்டாம். டாக்டரிடம் கூட்டிப் போங்கள்!