மெஷின் இருந்தபோது கேமரா இல்லை

அபிராமபுரத்துக்காரர்களுக்குப் பக்கிங்ஹாம் என்றால் பறக்கும் ரயிலுக்கு அடியில் தேங்கிக் கிடக்கும் கால்வாய். தாது வருஷப் பஞ்சத்தில், 1877–78இல், கூலிக்கு மண் சுமந்தவர்கள் அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து வெட்டியது அது. அன்றைய கவர்னரின் பெயர் கால்வாய்க்கு மட்டும் போகவில்லை. அதே காலத்தில் பெரம்பூர்ப் பக்கம் எழுந்த பக்கிங்ஹாம் ஆலைக்கும் போனது. பிறகு வந்த கர்நாடிக் ஆலையோடு 1920இல் இணைந்து அது ‘பி அண்ட் சி மில்’ ஆனது. ஊர் வாயில் பின்னி மில்.

பின்னி காக்கியை நாடே உடுத்தியது. அதை நெய்த தொழிலாளர்களை வைத்துத்தான் 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. ஆனால் அந்தக் காலத்தில் தொழிலாளி கையில் கேமரா ஏது? ஆலைகளை நிர்வாகங்கள்தான் படமெடுக்க வைத்தன. பிளேட் கேமராவில் ஒளி பதிய நேரமாகும். ஓடும் தறி வெறும் புகையாகத் தெரியும். அதனால் மெஷினை நிறுத்தி, ஆட்களை அசையாமல் நிற்கவைத்து எடுப்பார்கள். வேலை நடக்கும் இடத்தின் படத்தில் வேலை மட்டும் இருக்காது.

1996இல் பின்னி மில் மூடியது. பூட்டிய கொட்டகைகளுக்குள் முதலில் நுழைந்தது சினிமா. துருவும் தூசியும் வில்லனின் கூடாரத்துக்குத் தோதாக இருந்தன. கூரை வழியே சாயும் வெயிலில் சண்டைகள் நடந்தன. இன்று அந்த நிலத்தில் அடுக்குமாடிகள். மெஷின் ஓடியபோது உள்ளே போகாத கேமரா, மெஷின் போன பிறகு தாராளமாகப் போனது. நமக்கு மிஞ்சியவை சுவர்களின் படங்கள்.

இப்போது எல்லார் சட்டைப் பையிலும் கேமரா இருக்கிறது. சுழலும் சக்கரத்தை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கில் உறைய வைக்கும் செல்போனோடு நாம் தேடிப் போவதோ பாழடைந்த கட்டடங்களை. 1958இல் தொடங்கிய கிண்டி தொழிற்பேட்டையில் கொட்டகைகள் ஒவ்வொன்றாக அலுவலகங்களாகி வருகின்றன. லேத் இன்னும் சுற்றும் பட்டறைகளுக்குப் போய், முதலாளியிடம் கேட்டுக்கொண்டு படமெடுக்கலாம். ஃபிளாஷ் வேண்டாம், வேலை செய்பவரின் கண் கூசும். உளியிலிருந்து சுருண்டு விழும் இரும்புச் சீவல், அளவு பார்க்கும் விரல், எண்ணெய் படிந்த கைப்பிடி, இவையெல்லாம் பட்டறை மூடிய பின் கிடைக்காது. அந்த மெஷின் என்ன செய்தது, அதை ஓட்டியவர் எத்தனை வருஷம் ஓட்டினார் என்று படத்தின் கீழே இரண்டு வரி எழுதியும் வைக்க வேண்டும்.