மாதரும் இருதய நோயும்

சில ஆண்டுகளுக்கு முன் அடையாறு காந்திநகரில் எங்கள் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். என் பெரியம்மாவுக்கு அப்போது வயது 62. ஒரு நாள் விடியற்காலையில் வாயிலில் கோலமிட்டுவிட்டு உள்ளே வந்தவர், முதுகைப் பிடித்துக்கொள்கிறது, தாடை வலிக்கிறது, குமட்டுகிறது என்றார். "எல்லாம் வாயுதான், நீ போய் உன் வேலையைப் பார்" என்று தீர்ப்பும் அவரே கூறிவிட்டார். ஓமநீர் அருந்தினார், பெருங்காயம் கரைத்த மோர் அருந்தினார். மாலையில் அழைத்துச் சென்ற மருத்துவரும் வாயு என்றே மாத்திரை எழுதிக் கொடுத்தார். மறுநாள் மூச்சுத் திணறிய பிறகுதான் ஈ.சி.ஜி. என்னும் மின்வரைபடம் எடுக்கப்பட்டது. முதல் நாளே மாரடைப்பு ஏற்பட்டுவிட்டதென்று அது காட்டிற்று. பெரியம்மா பிழைத்தார், ஆயினும் இருதயத் தசையில் ஒரு பகுதி பிழைக்கவில்லை.

அதற்கு முந்தைய ஆண்டில் என் சிற்றப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது, தெருவே திரண்டு அரைமணி நேரத்தில் அவரை மருத்துவமனையில் சேர்த்தது. இரண்டையும் கண்ட எனக்கு, ஏன் இந்த வேற்றுமை என்ற கேள்வி எழுந்தது.

கவனக்குறைவு மட்டும் இதற்குக் காரணமன்று. மருத்துவ நூலறிவிலேயே ஒரு குறை நெடுங்காலம் இருந்தது. ஆஸ்பிரின் மாரடைப்பைத் தடுக்குமா என்று அமெரிக்காவில் 22,071 மருத்துவர்களைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி நடத்தி, 1989-இல் முடிவை வெளியிட்டனர். தடுக்கிறது என்பதே முடிவு. ஆனால் அத்தனை பேரும் ஆண்கள்! மாதரை வைத்து நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 2005-இல்தான் வெளிவந்தது. ஏறத்தாழ 40,000 பெண்கள் அதில் பங்குகொண்டனர். அவர்களிடம் அம்மருந்து பொதுவில் மாரடைப்பைக் குறைக்கவில்லை. பக்கவாதத்தை ஓரளவு குறைத்தது. ஆணுக்குக் கண்ட உண்மையைப் பெண்ணுக்கும் அப்படியே பொருத்துவது எத்துணைப் பிழை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட எனக்கு வேறு சான்று தெரியவில்லை.

உடலமைப்பிலும் வேறுபாடு உண்டு. பெண்களின் இருதயத் தமனிகள் பொதுவாகச் சற்றுக் குறுகியவை. பெரிய தமனி ஒன்று அடைபடாமலே, கண்ணுக்குப் புலப்படாத நுண்குழாய்கள் பழுதுபட்டு நோய் வருவது பெண்களிடம் மிகுதி. மாதவிலக்கு நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு குறைகிறது. அதையொட்டி அபாயம் ஏறுகிறது. ஆகவே ஆண்களைக் காட்டிலும் ஏறத்தாழப் பத்தாண்டுகள் பிந்தியே பெண்களுக்கு மாரடைப்பு வருகிறது. கருவுற்ற காலத்தில் இரத்த அழுத்தம் மிக உயர்ந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இருதய நோய் வரும் வாய்ப்பு அதிகம். பிள்ளை பிறந்ததும் அதை மறந்துவிடுவதே நம் வழக்கம்.

நம் நாட்டில் இத்தகைய வேறுபாட்டை நெடுநாட்களுக்கு முன்பே கூர்ந்து நோக்கியவர் டாக்டர் எஸ். பத்மாவதி. 1917-இல் பர்மாவில் பிறந்து, ரங்கூனில் மருத்துவம் பயின்று, போர்க்காலத்தில் கோயம்புத்தூருக்கு வந்து சேர்ந்த குடும்பத்தினர் அவர். 1954-இல் டில்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் இருதய நோய்ப் பிரிவைத் தொடங்கினார். நுரையீரல் கெட்டு, அதன் இரத்தக் குழாய்கள் இறுகி, அவற்றினூடே இரத்தத்தைத் தள்ளித் தள்ளி இருதயத்தின் வலப்புறம் வீங்கித் தளர்வது ஒரு நோய். மேனாட்டு நூல்கள் அதைப் புகைபிடிக்கும் முதிய ஆண்களின் நோய் என்றே வருணித்தன. டில்லியிலோ, பீடியைத் தொட்டும் அறியாத பெண்கள் பலர் அந்நோயோடு வந்தனர். 127 நோயாளிகளை ஆராய்ந்த கட்டுரை 1959-இல் வெளியாயிற்று. விறட்டியும் விறகும் எரியும் அடுப்பின் முன் ஆண்டுக்கணக்கில் அமர்ந்து அவர்கள் விழுங்கிய புகையே காரணமென்று ஐயுற்றார் பத்மாவதி. ஊதுகுழலைக் கையில் பிடித்து, கண் சிவக்க இருமிக்கொண்டிருந்த என் பாட்டியின் நினைவு இங்கே எனக்கு வருகிறது. இருமலை அன்று யாரும் நோயாக எண்ணவில்லை. பத்மாவதி அம்மையார் 103 வயது வாழ்ந்து 2020-இல் மறைந்தார்.

மாணவ நேயர்களே, உங்கள் இல்லத்துத் தாய்மார் நெஞ்சு வலிக்கிறது என்று சொன்னால் நீங்கள் விரைவீர்கள். பெண்களுக்கும் அதுவே முதற்குறி. ஆனால் அதனுடன், சில வேளை அது இன்றியும், மூச்சிரைப்பு, குளிர்ந்த வியர்வை, குமட்டல், தாடை வலி, முதுகு வலி, காரணமில்லா அயர்ச்சி ஆகியவை தோன்றும். திடீரென இவை வந்தால் ஓமநீரைத் தேடாது 108-ஐ அழையுங்கள். மின்வரைபடத்திற்குச் சில நிமிடங்களே ஆகும். அடுத்து, டிரோபோனின் என்னும் இரத்தப் பரிசோதனை செய்வார்கள். இதன் இயல்பளவு ஆண்களைவிடப் பெண்களுக்குக் குறைவு என்பது அண்மைக் காலத்தில் தெளிவாகியிருக்கிறது. "வாயுவாக இருக்குமோ" என்று பெரியவர்கள் தயங்கினால், ஈ.சி.ஜி. எடுத்தாயிற்றா என்று நீங்களே கேட்கலாம். இதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை.

பெரியம்மா இப்போது மூன்று வேளையும் மாத்திரை உட்கொள்கிறார். ஓமநீரையும் விட்டபாடில்லை.