முதல் வருடத்துக்கு ஒரு வீட்டுச் சட்டம்

ட்ரயல் பாஸ் ஆகி லைசன்ஸ் கைக்கு வந்துவிட்டால், பிள்ளை ஓடப் பழகிவிட்டான் என்று பெற்றோர் நிம்மதியாகிவிடுகிறார்கள். வெள்ளவத்தையில் சாரதிப் பயிற்சி கொடுக்கும் எனக்கு அந்த நிம்மதிதான் பயம். வாகனத்தைப் பின்னுக்கு எடுக்கத் தெரிகிறதா, கண்ணாடி பார்க்கிறானா, சிக்னல் போடுகிறானா என்று பரீட்சகர் பார்க்கலாம். இரவு பதினொரு மணிக்கு, நாலு நண்பர்களோடு, மரீன் டிரைவில் அவன் எப்படி ஓடுவான் என்பதை ஒரு ட்ரயலிலும் பார்க்க முடியாது.

இலங்கையில் வருடத்துக்குச் சுமார் 38,000 வீதி விபத்துகள் நடக்கின்றன, ஏறக்குறைய 3,000 பேர் உயிரிழக்கிறார்கள் என்று உலக வங்கி 2020இல் கணக்குச் சொன்னது. உலகம் முழுவதும் 5 முதல் 29 வயது வரையானோரை அதிகம் பலிகொள்வது வீதி விபத்துத்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

புதுச் சாரதிக்குக் கையும் காலும் சீக்கிரம் பழகிவிடும். ஆபத்தை முன்கூட்டியே காணும் கண்ணுக்குத்தான் காலம் வேண்டும். ராமகிருஷ்ணா வீதியிலிருந்து ஒரு ஓட்டோ மூக்கை நீட்டும், கடற்கரைக்குப் போகிறவர்கள் திடீரென்று வீதியைக் கடப்பார்கள் என்பதை அனுபவசாலி எதிர்பார்த்தே வருவார். 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், காய்ந்த வீதியில், சாரதி ஆபத்தைக் கண்டு பிரேக் பிடித்து நிற்கச் சுமார் 28 மீட்டர் ஓடும். 80இல் வந்தால் ஏறக்குறைய 57 மீட்டர். அதே 50இல் போகும்போது மூன்று செக்கன் போனைப் பார்த்தால், 40 மீட்டருக்கு மேல் பார்க்காமலே ஓடியிருப்பான்.

இதை உணர்ந்துதான் நியூசிலாந்து 1987இல் படிப்படியான லைசன்ஸ் முறையைக் கொண்டுவந்தது. கனடாவின் ஒன்ராறியோ 1994இல் தொடங்கியது. ரொறன்ரோவில் இருக்கும் உங்கள் சொந்தக்காரரைக் கேளுங்கள். ஜி1, ஜி2 என்ற இரண்டு படிகளைப் பற்றிச் சொல்வார். ஜி1 எடுத்தவர் அனுபவமுள்ள சாரதி பக்கத்தில் இல்லாமல் ஓட முடியாது. நள்ளிரவு முதல் காலை ஐந்து மணி வரை ஓடவே முடியாது. இரண்டு படியிலும் ஒரு சொட்டு மதுவுக்கும் இடமில்லை. ஜி2 கிடைத்த பதின்வயதினர் இரவில் எத்தனை இளம் பயணிகளை ஏற்றலாம் என்பதற்கும் கட்டுப்பாடு உண்டு. இரவும், உசுப்பேற்றும் நண்பர்களும், அனுபவக் குறைவும் ஒன்றுசேரும் இடத்தில்தான் இளம் உயிர்கள் போகின்றன.

இங்கே 18 வயதில் லைசன்ஸ் எடுத்தவருக்கு இரவும் பகலும் ஒன்றுதான். ஆகவே அந்தப் படிகளை வீட்டில் நாமே வைப்போம். முதல் ஆறு மாதம் பத்து மணிக்குப் பிறகு திறப்பு கொடுக்காதீர்கள். பெரியவர் இல்லாத பயணத்தில் ஒரு நண்பர் போதும். போன் பின்சீட்டில் இருக்கட்டும்.

கொட்டாஞ்சேனைப் பிள்ளைகள் பலர் மோட்டார் சைக்கிளில்தான் தொடங்குகிறார்கள். துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் லொறியின் இடது பக்கத்தால் நுழைந்து முந்தக் கூடாது என்று அவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். வலப்பக்கம் உயரத்தில் இருக்கும் சாரதிக்கு அந்த மூலை தெரியாது. ஹெல்மெட்டின் பட்டியைப் பூட்டாவிட்டால் விழும்போது அது தலையில் நிற்காது. பின்னால் ஏறும் தங்கச்சிக்கும் ஹெல்மெட் வேண்டும்.

பெற்றோருக்கும் இந்த வீட்டுச் சட்டம் பொருந்தும். காலி வீதியில் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி போன் பேசும் அப்பாவைப் பார்த்து வளர்ந்தவனிடம் நான் என்ன சொன்னாலும் ஏறாது. பிள்ளை ஓடிக்கொண்டிருக்கும்போது "எங்க நிக்கிறாய்?" என்று அழைக்காதீர்கள், அந்த அழைப்பே ஆபத்தாகலாம். "குடிச்சிட்டன் அம்மா, ஓட ஏலாது" என்று நடுச்சாமத்தில் அவன் சொன்னால், வாகனத்தை அங்கேயே விட்டுவிட்டு பிக்மீ டாக்சியில் வரச் சொல்லுங்கள். ஏச்சை விடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். அன்றிரவே ஏசினால் அடுத்தமுறை அவன் உண்மை சொல்லமாட்டான், தானே ஓடி வருவான்.

பயிற்சியாளர் பக்கத்தில் இருப்பது சில கிழமைகள்தான். ஆபத்தான அந்த முதல் வருடம் முழுவதும் பிள்ளையோடு இருக்கப் போகிறவர்கள் நீங்கள். லைசன்ஸ் வரும்வரை காத்திருக்காமல், எல் போர்ட் கட்டும் நாளிலேயே இந்தச் சட்டத்தைப் பேசி முடிவெடுத்துவிடுங்கள்.